மரக் கயாக் கட்டுவோரின் மனந்தளராமை: கெப்பாலா பத்தாஸ் கார் போர்ச்சுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

மரக் கயாக்கைக் கையால் கட்ட மூன்று பொருள் வேண்டும் என்று கைந்நூல்கள் சொல்கின்றன: பலகை, பசை, பொறுமை. முதல் இரண்டும் எங்கே கிடைக்கும், என்ன கனத்தில் வாங்க வேண்டும், மழையில் நனையாமல் எப்படி வைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக விளக்குவார்கள். மூன்றாவதை வாசகர் ஏற்கெனவே வீட்டில் வாங்கி வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள். உலகில் பாதியில் நிற்கும் படகுகள் பலகை பற்றாமல் நிற்பதில்லை, இந்த மூன்றாவது சரக்கு தீர்ந்துபோய் நிற்கின்றன என்பது இவ்வாய்வாளரின் துணிபு. அந்தச் சரக்கு எங்கே விளைகிறது, எப்படித் தீர்கிறது, மறுபடி எங்கே கிடைக்கும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

ஆய்வின் மாதிரி எண்ணிக்கை ஒன்று. இதைக் குறையாகச் சொல்பவர்கள், ஒரே தாமானில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் மரக் கயாக் கட்டிப் பார்த்திருக்கிறார்களா என்று முதலில் சொல்லட்டும். இந்த ஒருவரை இனிக் 'கட்டுநர்' என்று அழைப்போம். ஐம்பதைத் தாண்டியவர், அரசாங்க ஊழியர், வரிசை வீட்டுக்காரர், நீச்சல் சுமார்.

ஆய்வுக் களம்

பினாங்கின் பெருநிலப் பகுதியில், வட செபராங் பிறை மாவட்டத்தில் இருக்கிறது கெப்பாலா பத்தாஸ். பினாங்கு என்றதும் ஜார்ஜ்டவுன், ஃபெரி, பாலம், நாசி கண்டார் என்று நினைக்கிறவர்கள், இந்த ஊரைப் பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே போகும் வழியில் ஒரு பெயர்ப்பலகையாகப் பார்த்திருப்பார்கள். நாட்டின் 5-ஆவது பிரதமர் அப்துல்லா அகமது படாவி 1978 முதல் 2013 வரை இந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். ஊரின் வெளியுலகப் புகழ் பெரும்பாலும் அதோடு சரி. மேற்கே சிறிது தூரத்தில் கடல். வடக்கே மூடா ஆறு. இடையில் நெல்வயலும் வாய்க்காலும். தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால், கயாக் முடியாமல் போனால் தண்ணீரின் மேல் பழிபோட வழியில்லை. ஆய்வுக்கு இதைவிடத் தூய்மையான களம் கிடைக்காது.

ஆனால் இக்களத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. மூடா ஆறு பினாங்குக்கும் கெடாவுக்கும் எல்லை. பினாங்கில் வார விடுமுறை சனி, ஞாயிறு. ஆற்றைத் தாண்டினால் வெள்ளி, சனி. கட்டுநரின் மச்சான் சுங்கைப் பட்டாணியில் அரசாங்க வேலையில் இருக்கிறார். கயாக்கின் நீண்ட பலகைகளைத் தூக்கிப் பொருத்த இரண்டு பேர் வேண்டும். ஆற்றின் இரு கரைக்கும் பொதுவான நாள் சனிக்கிழமை ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமையில்தான் உலகத்திலுள்ள கல்யாணம், காதணி விழா, பள்ளி விளையாட்டுப் போட்டி எல்லாம் வந்து விழும். மனந்தளராமையைப் பற்றி எழுதிய மேல்நாட்டு அறிஞர் எவரும் மாநிலந்தோறும் மாறும் வார விடுமுறையைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

முன்னோர் ஆய்வுகள்

மூடா ஆற்றுக்கு அப்பால், கெடாப் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு. முதலாம் ராஜேந்திரன் 1025-இல் கப்பற்படை அனுப்பிய கடாரம் இந்தப் பகுதிதான் என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து. அவனுடைய மெய்க்கீர்த்தி பிடித்த ஊர்களை வரிசையாக அடுக்குகிறது. யானைகளையும் தோரண வாயிலையும் கூட விடவில்லை. அந்தக் கப்பல்களை இழைத்தவர் யார், எத்தனை தச்சர் 'அடுத்த வாரம் பாத்துக்கலாம்' என்று உளியைக் கீழே வைத்தார்கள் என்ற செய்திக்கு மட்டும் கல்லில் இடமில்லை. நம் வரலாற்றியல் படகு ஏறியபின்தான் தொடங்குகிறது.

கிழக்குக்கரையில், திரெங்கானுவின் பூலாவ் டுயோங் தச்சர்கள் வரைபடமே இல்லாமல் செங்ஙால் மரத்தில் பெரும்படகு கட்டியவர்கள். முதலில் வெளிப்பலகை, பிறகுதான் உள்விலா. பலகைகளை மரமுளையால் கோத்து, இடுக்கில் கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்குவார்கள். அவர்களிடம் போய் மனந்தளராமை பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள். கூலி வருகிறவருக்கு மனம் தளர நேரமில்லை. வல்வெட்டித்துறையில் நம்மவர்கள் கட்டிய 'அன்னபூரணி' 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறையைப் போய்ச் சேர்ந்ததே, அதைக் கட்டியவர்களுக்கும் அப்படித்தான். இதிலிருந்து பெறப்படுவது: நாம் ஆராயும் நோய் தொழிலாளரைத் தீண்டாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குமேல் காலுறையைக் கழற்றிவிட்டு வேலைக்கு இறங்கும் பொழுதுபோக்காளரையே அது பிடிக்கும்.

இங்கே தைத்த கப்பலைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 2010-இல் 'ஜுவல் ஆஃப் மஸ்கட்' என்ற ஓமான் கப்பல் கொச்சி, காலி, பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போனது. 9-ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்றைப் பார்த்துக் கட்டியது, ஆணி இல்லை, பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்திருந்தார்கள். தைத்தவர்களில் கேரளத்துக் கைகள் உண்டு. அதே மரபில், கேரளத்துத் தச்சர் பாபு சங்கரனின் தலைமையில் தைத்த 'கவுண்டின்யா' 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. கட்டுநர் தம் கயாக்கையும் இந்தப் பரம்பரையில்தான் சேர்க்கிறார். அது ஓரளவு நியாயமே. அவர் தேர்ந்த முறை பலகையைச் செம்புக் கம்பியால் தைத்துப் பசையால் ஒட்டுவது. இங்கிலாந்தில் 1963-இல் ஒரு செய்தித்தாளின் ஆதரவில் வந்த 'மிரர்' என்ற சிறு பாய்ப்படகு இம்முறையைப் பிரபலமாக்கியது. எழுபதாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். வீட்டுக் கொல்லையில் சராசரி மனிதன் படகு கட்டலாம் என்ற எண்ணம் அப்போது பரவியது. அதை மனிதகுலத்துக்குச் செய்த நன்மையாகக் கொள்வதா, மனைவியர்க்குச் செய்த தீமையாகக் கொள்வதா என்பதில் இவ்வாய்வாளருக்கு இன்னும் தெளிவில்லை.

முறை எளியது. நான்கு மில்லிமீட்டர் கடல்தரப் பிளைவுட்டை, எட்டடிப் பலகைகளை முனையோடு முனை சாய்த்து ஒட்டி நீளமாக்கி, மீன் வடிவத் துண்டுகளாக அறுப்பது. ஓரங்களில் துளைபோட்டுச் செம்புக் கம்பியைக் கோத்து முறுக்குவது. தட்டையாகக் கிடந்த பலகை, கம்பி இறுக இறுகத் தானே எழுந்து படகாகிவிடும். உள்மூலையில் மரத்தூள் கலந்த எப்பாக்சிப் பசையைப் பூசி, கம்பியை எடுத்துவிட்டு, மேலே ஃபைபர்கிளாஸ் துணியை ஒட்டுவது. பிறகு உப்புத்தாள். பிறகும் உப்புத்தாள்.

இதில்தான் சூது இருக்கிறது. முதல் இரண்டு வாரக்கடைசியில் தரையில் கிடந்த பலகை கயாக் உருவம் பெற்று நின்றுவிடும். தெருவே வந்து பார்க்கும். 'முடிஞ்ச மாதிரிதான்லா' என்பார் கட்டுநர். உண்மையில் வேலையில் பெரும்பங்கு இனிமேல்தான். அதன்பின் செய்யும் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பல வாரம் தேய்த்தபின்னும் படகு நேற்றிருந்த மாதிரியே இருக்கும். பார்வைக்குத் தெரியும் முன்னேற்றமும் படும் பாடும் இவ்வளவு தலைகீழாக இருக்கும் தொழில் வேறு ஏதாவது உண்டென்றால் அது முனைவர் பட்ட ஆய்வாகத்தான் இருக்கும்.

திணைப் பாகுபாடு

கட்டுநரின் மனநிலையை விளக்க மேல்நாட்டு அட்டவணைகள் போதவில்லை. தொல்காப்பியர் வகுத்த ஐந்திணை கச்சிதமாகப் பொருந்துகிறது. அவர் கயாக்கைக் கண்டிருந்தார் என்று இவ்வாய்வாளர் வாதிடவில்லை, வாதிடுவோர் வருவார்கள்.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல், பொழுது யாமம். நள்ளிரவில் கைப்பேசியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு எங்கோ ஒரு குளிர்நாட்டுக்காரர் தேவதாரு மரத்தில் கயாக் செதுக்கும் காணொளியைக் கட்டுநர் பார்க்கும் கட்டம் இது. பெரும்பொழுது கூதிர். கெப்பாலா பத்தாஸில் கூதிர் கிடையாது. குளிரூட்டி அந்தக் குறையைத் தீர்க்கிறது. இத்திணையில் ஊக்கம் வரம்பில்லாமல் இருக்கும், செலவு ஒரு வெள்ளி கூட ஆகாது. பலர் இங்கேயே இன்புற்று வாழ்ந்து முடிக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை.

மருதம் இந்த ஊரின் சொந்த நிலம். உரிப்பொருள் ஊடல், பொழுது விடியல். தலைவன் பரத்தையிடம் போனதால் தலைவி ஊடுவது மரபு. இங்கே பரத்தை ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். வீட்டு வாசலிலேயே இருக்கிறாள். கார் நிற்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டாள். விடியற்காலை ஊடலின் மொழி பின்வருமாறு:

"என்னங்க, அந்தக் கட்டைக்குத் தார்ப்பாய் போர்த்தியாச்சா? போர்த்தியிருப்பீங்க. கார் வெயில்லயும் மழையிலயும் கெடக்குது, அதுக்கு ஒரு துணி போட ஆளில்ல."

ஊடல் தீர்க்கும் வாயில்களாகச் சங்ககாலத்தில் பாணனும் விறலியும் வந்தார்கள். கட்டுநரின் வீட்டில் அந்த வேலையை ரொட்டி சானாய் பொட்டலம் செய்கிறது. சில சமயம் மாமியார் செய்கிறார். "விடும்மா, வெளிய போய்ச் சுத்துறதுக்கு இது எவ்வளவோ மேல்" என்ற அவருடைய ஒரு வாக்கியம் கயாக்கை இரண்டு மாதம் காப்பாற்றியது.

முல்லைதான் நீளமான திணை. உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. எப்பாக்சியின் வேதியியலை முன்கூட்டியே உணர்ந்து வகுத்தது போலிருக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்தப் பசை இறுகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும். குளிர்நாட்டுக் கைந்நூல் சொல்லும் நேரத்தை நம்பி மதியம் இரண்டு மணிக்கு இங்கே ஒரு கோப்பை நிறையக் கலந்தால், தூரிகையை நனைப்பதற்குள் கோப்பைக்குள்ளேயே சூடேறிப் புகைந்து கல்லாகிவிடும். ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். கலந்ததை ஆழமான கோப்பையில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றிப் பரப்ப வேண்டும். வெயில் தாழ்ந்தபின்தான் கைவைக்க வேண்டும். மாலை வந்தால் மழை வரும். காற்றில் ஈரம் கூடினால் இறுகிய பசையின் மேல் மெழுகு போல ஒரு பிசுக்குப் படலம் ஏறும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சு பூசினால் இரண்டும் ஒட்டாது. வடபினாங்கில் மழை செப்டம்பர் முதல் நவம்பர் வரை வலுக்கும். சித்திரை வைகாசியிலும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகும். காத்திருக்கும் தலைவிக்கு முல்லை பூக்கும் மணமாவது இருந்தது. கட்டுநருக்கு இருப்பது பசையின் அமைன் வாடை.

இத்திணையில் மனம் தளர்வதற்குக் காரணம் உழைப்பு மிகுதியன்று. உழைக்க முடியாமை. ஒரு மணி நேர வேலை, பிறகு ஒருநாள் இறுகவிடுதல். அந்த ஒருநாள் திங்கட்கிழமையாகிவிட்டால் அடுத்த ஒரு மணி நேரம் ஐந்து நாள் தள்ளிப்போகும். கட்டுநர் இதற்குக் கண்ட மருந்து பாராட்டத்தக்கது: படகு காயும் நேரத்தில் துடுப்பைச் செதுக்கத் தொடங்கினார். துடுப்புக்குப் பசை குறைவு, இழைப்புளி அதிகம்; மழை பெய்தாலும் கூரையடியில் உட்கார்ந்து சீவலாம்; ஒவ்வொரு சீவலிலும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மனந்தளராமை இயலில் இவ்வாய்வாளர் கையெழுத்திட்டுப் பரிந்துரைக்கும் ஒரே தொழில்நுட்பக் குறிப்பு இதுதான். பெரிய வேலை காத்திருக்கச் சொல்லும்போது கைக்கடக்கமான சிறிய வேலை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். பிளைவுட்டின் மேலேடு மிக மெல்லியது. மின்தேய்ப்பானை ஓரிடத்தில் ஒரு நொடி கூடுதலாக நிறுத்தினால் ஏடு கிழிந்து உள்ளிருக்கும் பசைக்கோடு தெரியும். அப்போது கட்டுநர் எழுப்பும் ஒலியை இங்கே பதிவுசெய்ய இயலாது.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது, மற்ற நிலம் வறண்டால் அதுவே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் செய்தி. கயாக்கின் பாலை நீலத் தார்ப்பாய். ஒருநாள் மழைக்காக மூடுவார்கள். அடுத்த வாரம் உறவினர் வருகை. அதற்கடுத்த வாரம் முதுகுவலி. தார்ப்பாயின் மேல் முதலில் இலைகள் சேரும், பிறகு பூனை, பிறகு வீட்டாரின் மற்ற பொருள்கள். உடைந்த மின்விசிறி ஒன்று அதன்மேல் வைக்கப்பட்ட நாளை ஆய்வுலகம் பாலையின் தொடக்கமாகக் கொள்ளலாம். கெப்பாலா பத்தாஸ் பக்கத்திலேயே குவார் கெப்பா இருக்கிறது. அங்கே 2017-இல் கிடைத்த எலும்புக்கூடு ஏறத்தாழ 5,700 ஆண்டு பழையது என்றார்கள். சுற்றிலும் தின்றுபோட்ட சிப்பி ஓட்டுக் குவியல். மனிதன் இந்த வட்டாரத்தில் எதையாவது பாதியில் போட்டுவிட்டுப் போனால் அது எவ்வளவு காலம் அப்படியே கிடக்கும் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேண்டியதில்லை.

கோட்பாடுகளும் அவற்றின் போதாமையும்

உளவியலாளர் சொல்வதையும் கேட்போம். 1994-இல் வெளிவந்த கனடா ஆய்வொன்றில் பட்டப்படிப்பு மாணவரிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால்? 49 நாள் என்றார்கள். முடிந்தது 55 நாளுக்கு மேல். கெட்டுப்போன கணக்கையும் வாழ்க்கை மிஞ்சிவிட்டது. கட்டுநர் 'தீபாவளிக்குள்ள தண்ணில எறக்கிடலாம்' என்று சொன்னபோது எந்த ஆண்டுத் தீபாவளி என்று குறிப்பிடவில்லை. இது அவருடைய முன்யோசனையைக் காட்டுகிறது.

2006-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் கார் கழுவும் கடையொன்றில் முத்திரை அட்டை கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு எட்டு முத்திரை பெற வேண்டிய வெற்று அட்டை. சிலருக்குப் பத்து முத்திரை அட்டை, ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தியது. இரண்டு கூட்டத்துக்கும் மீதி எட்டுதான். வெற்று அட்டைக்காரரில் 100-க்கு 19 பேர் முடித்தார்கள், முன்பே குத்திய அட்டைக்காரரில் 34 பேர். கட்டுநர் இந்த ஆய்வைப் படிக்காமலே பின்பற்றியவர். சுவரில் ஒட்டிய அவருடைய வேலைப்பட்டியலின் முதல் மூன்று வரி: 'முடிவெடுத்தல்', 'மனைவியிடம் சொல்லுதல்', 'பலகை வாங்கக் கடையை விசாரித்தல்'. மூன்றும் அடிக்கப்பட்டிருந்தன. பட்டியல் எழுதும் முன்பே முடிந்த வேலைகள் அவை.

இதைவிடச் சுவையானது 2009-இல் பீட்டர் கோல்விட்சரும் குழுவினரும் கண்டது. நான் இன்னாராக ஆகப்போகிறேன் என்று பிறரிடம் சொல்லி, அவர்களும் அதைக் கேட்டுக்கொண்டுவிட்டால், ஆளுக்கு வேலையில் வேகம் குறைகிறதாம். சொன்னதிலேயே பாதி ஆகிவிட்ட திருப்தி. இதற்கான மாற்றுமருந்தை எங்கள் வட்டாரம் முன்பே கண்டுபிடித்திருக்கிறது. கோலா மூடாவின் மீன்சந்தைக்குப் 'பாசார் பீசிக்' என்று பெயர். மீன் வாங்குபவர் தம் விலையை விற்பவரின் காதுக்குள் முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. படகு கட்டும் எண்ணத்தையும் இப்படி ஒரே ஒரு காதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது நல்லது. கட்டுநர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அறுபதுக்கும் மேற்பட்ட கட்டைவிரல்கள் உயர்ந்தன. அடுத்த மூன்று சனிக்கிழமை அவர் ரம்பத்தைத் தொடவில்லை.

நார்த்கோட் பார்க்கின்சன் இவ்வாய்வுக்கு உள்ளூர்க்காரர் என்றே சொல்லலாம். வேலை, அதற்கென்று ஒதுக்கிய நேரத்தை நிரப்பும் அளவுக்கு வீங்கும் என்ற விதியை 1955-இல் எழுதியபோது அவர் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். அவர் கண்ட இன்னொன்று: ஒரு குழு அணு உலைக்கான பெருந்தொகையை இரண்டரை நிமிடத்தில் அனுமதித்துவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் சண்டை போடும். கொட்டகை எல்லோருக்கும் புரியும் அல்லவா? கட்டுநரின் படகடியின் வளைவு சரியா, ஆற்றில் நேராகப் போகுமா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. என்ன வர்ணம் அடிப்பது என்பதில் தாமான் இரண்டாகப் பிரிந்தது. எதிர்வீட்டுப் பாக்சிக் பச்சை என்றார். ஹார்ட்வேர் கடைத் தவுக்கே சிவப்பு, அதிர்ஷ்டம் என்றார். மூலைவீட்டு அக்கா, "மஞ்சள் அடிங்க தம்பி, மங்களமா இருக்கும்" என்றார். மரத்தின் நிறம் தெரிய வார்னிஷ் மட்டும்தான் என்று கட்டுநர் சொன்னபோது மூவரும் முதல்முறையாக ஒரே கட்சியில் சேர்ந்தார்கள்.

கருதுகோள்

இப்போது இவ்வாய்வின் சொந்தச் சரக்கைக் கடைவிரிக்கலாம்.

ஊக்கம் கட்டுபவரின் நெஞ்சில் ஊறுகிறது என்பதே இதுவரை எல்லோரும் செய்த பிழை. அது நீளத்தில் இருக்கிறது. ஒரு பொழுதுபோக்கை எந்த அளவுக்கு ஒளித்துவைக்க முடியாதோ அந்த அளவுக்கு அது முடிவடையும். இதற்கு மறைப்பின்மைக் கோட்பாடு என்று பெயரிடுகிறேன். சான்றுக்கு எந்த வீட்டின் சாமான் அறையையும் திறந்து பார்க்கலாம். அலமாரி மேல் கித்தார், டிராயரில் பாதி பின்னிய கம்பளிச் சட்டை, கட்டிலடியில் முப்பதே நாளில் மண்டரின். இவை எல்லாம் ஒளிக்கத்தக்கவை, ஆகவே முடியாதவை. பெரோடுவா மைவி காரின் நீளம் 3.9 மீட்டர். கடல் கயாக் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் நீளம். அதை எந்த அலமாரியில் வைப்பது? காரை வெளியே தள்ளிவிட்டு அது போர்ச்சில் கிடக்கிறது. போகிற வருகிற ஒவ்வொருவரும் பார்க்கிறார்கள். எதிர்வீட்டுப் பாக்சிக் ஒவ்வொரு மாலையும் தொழுகை முடிந்து திரும்பும்போது வேலிக்கு வெளியே நின்று "பிலா சியாப்?" என்பார். எப்போது முடியும் என்கிறார். கட்டுநரை உப்புத்தாளைக் கையில் எடுக்கச் செய்தது அந்த இரண்டு சொல்தான். எந்த மனவுறுதி நூலும் இல்லை.

கோல்விட்சருக்கும் இதற்கும் முரண் இல்லையா என்று தேர்வாளர் கேட்கக்கூடும். இல்லை. நினைப்பைச் சொன்னால் பாராட்டு முன்பணமாக வந்துவிடுகிறது, அதனால் வேலை நிற்கிறது. பாதிப் படகைப் பார்த்தவர் முன்பணம் தரமாட்டார், பாக்கி கேட்பார். சொல்லால் தெரிவது வேறு, கண்ணால் தெரிவது வேறு.

இதற்கு எதிராக வைக்கத்தக்க வலுவான வாதம் ஒன்றே ஒன்று உண்டு, அது காவடி. பினாங்கில் தைப்பூசத்துக்கு முன்பு எத்தனை வீட்டு வாசலில் காவடி கட்டுகிறார்கள்! கம்பி வளைத்து, மயிலிறகு செருகி, இரவு இரண்டு மணிவரை வேலை. 'காவடிக்கு இந்த வருசம் மூடு இல்லப்பா' என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? காவடி முடிகிறது. ஏனென்றால் பூச நட்சத்திரம் ஒருவருக்காகவும் தள்ளிப்போகாது. நீளத்தைவிட நாள்தான் காரணம் என்று இதைக் கொண்டு வாதிடலாம். வாதம் சரியே. ஆனால் கயாக்குக்கு நட்சத்திரம் கிடையாது. முருகனிடம் கயாக்கை நேர்ந்துகொண்டவர் எவரும் இல்லை. நாள் வெளியிலிருந்து வந்தால்தான் நாள். தானே குறித்துக்கொண்ட நாளை மனிதன் தானே அழித்துவிடுவான்.

கட்டுநரின் விஷயத்தில் நாள் வெளியிலிருந்து வந்தது. மகளுக்குப் பரிசம் பேசி முடித்தார்கள். வாசலில் பந்தல் போட வேண்டும்; சமையல்காரர் அண்டாவை வைக்க இடம் கேட்டார். "அந்தக் கட்டை ஆத்துக்குப் போகட்டும், இல்ல அடுப்புக்குப் போகட்டும்" என்று வீட்டம்மா ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார். அதற்குப்பின் பல மாத வேலை சில வாரத்தில் நடந்தது. மச்சான் ஒரு வெள்ளிக்கிழமை, தம் கரையின் விடுமுறையில், ஆள் இல்லாத வீட்டுக்கு வந்து தனியாக வார்னிஷ் அடித்துவிட்டுப் போனார். சனிக்கிழமை இரண்டு பேரும் கூரைமேல் கட்டி எடுத்துக்கொண்டு போய் மூடா ஆற்றில் இறக்கினார்கள். மிதந்தது. லேசாக இடப்பக்கம் இழுக்கிறது.

ஜெர்மானியர் ஆஸ்கர் ஸ்பெக்கை இங்கே குறிப்பிட வேண்டும். 1932-இல் டான்யூப் ஆற்றில் கயாக் விட்டவர், இந்தியா, இலங்கை, பர்மா, மலாயா கரைகளை ஒட்டி வந்து 1939-இல் ஆஸ்திரேலிய எல்லையைத் தொட்டார். அதற்குள் போர் தொடங்கிவிட்டதால் பிடித்துக் காவலில் வைத்தார்கள். ஏழாண்டு மனம் தளராதவர் என்று அவரை எல்லோரும் புகழ்கிறார்கள். அவர் ஓட்டியது தொழிற்சாலையில் செய்த மடக்குக் கயாக். கட்டத் தொடங்கியிருந்தால் டான்யூப் கரையிலேயே இருந்திருப்பார்.

பயன்பாடு

கடைசியாக ஒரு நுட்பம். தாங்களே பூட்டிய பொருளை மனிதர்கள் கூடுதல் விலைக்கு மதிக்கிறார்கள் என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பத்துக்காவானில் 2019-இல் திறந்த அந்த மஞ்சள்-நீல அறைகலன் கடையின் பெயரைத்தான் அந்த விளைவுக்கும் வைத்திருக்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பூட்டி முடித்தால்தான் அந்த மதிப்பு வருகிறது. பாதியில் விட்டவருக்கு அது வருவதில்லை. அதாவது முடிந்த கயாக்கின் சொந்தக்காரரிடம் என்ன விலை கேட்டாலும் அவர் சிரித்துக்கொண்டு படகைத் தடவிக்கொடுப்பார். பாதிக் கயாக்கின் சொந்தக்காரரிடம் அந்தக் கவசம் இல்லை. அவரிடம் பிளாஸ்டிக் கயாக்கின் விலையை யாராவது சொன்னால், மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்ப்பார். தார்ப்பாயைத் தேடுவார்.

ஆகவே வட செபராங் பிறைத் தாமான்வாசிகளுக்கு ஒரு வேண்டுகோள். யார் வீட்டுப் போர்ச்சிலாவது பாதிப் படகைக் கண்டால் கண்டுகொள்ளாமல் போய்விடாதீர்கள், நின்று கேளுங்கள். எப்போது முடியும் என்று கேட்கலாம். என்ன வர்ணம் என்று கேட்கலாம். கடையில் வாங்கினால் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.